உட்கோடு

எங்கள் பள்ளியில் டிராக் போடுவது ஒரு முழு நாள் வேலை. மைதானத்தின் இரண்டு பக்கமும் முளை அடித்து, முளையில் கயிற்றைக் கட்டி, கயிற்றின் நுனியில் ஆணியைப் பிடித்தபடி பி.இ.டி. சார் அரைவட்டமாக நடப்பார். ஆணி கீறிய தடத்தின் மேல் இரண்டு பையன்கள் சுண்ணாம்புத் தூளைத் தட்டிக்கொண்டே பின்னால் போவார்கள். அடியில் ஓட்டை போட்ட டால்டா டின்தான் கருவி. சுற்றளவு 200 மீட்டர். அதற்கு மேல் இடம் கிடையாது. தெற்கு மூலையில் ஒரு வேப்பமரம் நின்றதால் தடங்களை நான்கோடு நிறுத்திக்கொள்வார். ஐந்தாவது போட்டால் ஓடுகிறவன் மரத்தில்தான் போய் மோதவேண்டும்.

காலையில் கொடியேற்றும்போது செம்மண்ணின் மேல் கோடுகள் பளிச்சென்று கிடக்கும். பத்து மணிக்கு 1500 மீட்டர் முடிந்திருக்கும், உட்கோடும் முடிந்திருக்கும். எல்லோரும் அதன் மேலேயே ஓடித் தேய்த்திருப்போம். மதியத்துக்கு மேல் உட்கோடு எங்கே இருந்தது என்று சாருக்கே தெரியாது. முன்னால் போகிறவன் எங்கே கால் வைக்கிறானோ அதுதான் கோடு. போட்டி நாள் காலையில் வந்துவிட்டுச் சாப்பாட்டு மணிக்குள் போய்விடுகிற ஒரு பொருள் அது என்றே பதினாறு வயதுவரை நினைத்திருந்தேன்.

நான் பெரிய ஓட்டக்காரன் இல்லை. குறுவட்டம், வருவாய் மாவட்டம், அதற்கு மேல் மாநிலம் என்று பள்ளிப் போட்டிகளுக்கு இருக்கும் படிகளில் கடைசிப் படியில் ஒரே ஒரு முறை கால் வைத்தவன். 800 மீட்டர். எங்கள் மைதானத்தில் அது நான்கு சுற்று. நான்கு தடத்தில் பத்துப் பேரை நிறுத்த முடியாதே, அதனால் ஒரே கோட்டில் தோளோடு தோள் நிற்க வைத்து க்ளாப் அடித்துவிடுவார்கள். அடித்த நொடியில் பத்துப் பேரும் உள்ளே பாய்வோம். முழங்கை விலாவில் இறங்கும். குதிங்காலை மிதிப்பார்கள். முதல் வளைவுக்குள் உள்ளே புகுந்துவிட்டவன் பாதி ஜெயித்த மாதிரி. நான் அதில் கெட்டிக்காரன். மூச்சில் என்னைவிடப் பெரியவர்கள் இருந்தார்கள், புகுவதில் இல்லை.

வெளியூர்ப் போட்டி என்றால் முதல் பஸ். அம்மா கட்டித்தந்த எலுமிச்சைச் சாதம், ஒரு குளுக்கோஸ் பாக்கெட், சட்டையில் செஸ்ட் நம்பர் குத்த நான்கு ஊக்கு. ஊக்கு அம்மாவின் தாலிச் சரட்டிலிருந்து கழற்றியது. திரும்பக் கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்பதுதான் வீட்டில் சொல்லியனுப்பும் ஒரே புத்திமதி.

1996இல், பதினோராம் வகுப்பில், மாநிலப் போட்டிக்குத் தேர்வாகிச் சென்னைக்குப் போனேன். சின்தெடிக் டிராக்கை அதுவரை பத்திரிகைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். காலை வைத்தால் லேசாக அமுங்கியது, எடுத்தால் தள்ளிவிட்டது. குனிந்து கையால் தொட்டுப் பார்த்தேன். கோடுகள் தூள் இல்லை, பெயின்ட். எத்தனை பேர் மிதித்தாலும் போகாது. ஹாஸ்டலில் பக்கத்துப் பாயில் படுத்திருந்த மதுரைப் பையன் தன் ஸ்பைக்கை இரவல் கொடுத்தான். ஒரு சைஸ் பெரிது. நுனியில் பஞ்சு அடைத்துக்கொண்டேன்.

ஓட்டத்துக்கு அழைத்தபோது ஆளுக்கொரு தடம் கொடுத்தார்கள். எனக்கு ஐந்து. ஒருவனுக்கு முன்னால் ஒருவனை ஏணிப்படி போல நிறுத்தினார்கள். வெளித்தடத்துப் பையன் எனக்கு மூன்றரை மீட்டருக்கு மேல் முன்னால் நின்றான். அவனுக்கு மட்டும் என்ன சலுகை என்று மனதுக்குள் ஒரு சண்டை. நான் உள்தடத்துக்காரனுக்கு முன்னால் நின்றது கண்ணில் படவில்லை. துப்பாக்கி வெடித்தது. நாற்பது ஐம்பது எட்டு ஓடியிருப்பேன், ஊர்ப் பழக்கத்தில் உள்ளே வெட்டி முதல் தடத்தில் போய் ஒட்டிக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை, முழங்கை வரவில்லை. இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாக இருந்தது. அந்த ஹீட்டில் இரண்டாவதாக வந்தேன்.

முடிவுகளை ஒரு பலகையில் ஒட்டியிருந்தார்கள். சிலர் பேருக்கு நேரே க்யூ என்று ஒரே எழுத்து. என் பேருக்கு நேரே டி.க்யூ. என்று இரண்டு. க்யூ என்றால் அடுத்த சுற்றுக்குத் தகுதி என்று மதுரைப் பையன் சொல்லியிருந்தான். எனக்கு ஒரு எழுத்து அதிகமாகவே போட்டிருக்கிறார்கள் என்று மாலைவரை சந்தோஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் விழுப்புரம் தாண்டும்வரை சார் பேசவில்லை. பிறகு, "ஏன்டா உள்ள வெட்டுன?" என்றார்.

"ஊர்ல அப்படித்தான சார் ஓடுவோம். வெட்டக்கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கே தெரியாதுடா தம்பி" என்றார். அவர் கபடிக்காரர். பள்ளியில் ஒரே ஒரு பி.இ.டி. வேலையிடம், கபடி, கோகோ, தடகளம், மார்ச் பாஸ்ட் எல்லாமே அவர் தலையில். அன்று எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தப் பதிலை மறக்கவும் முடியவில்லை.

அதை மறுபடியும் கிளறியது 2018 ஆகஸ்ட் 26. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி, ஆண்கள் 10,000 மீட்டர். புதுக்கோட்டைக்காரர் லட்சுமணன் கோவிந்தன் ஓடுகிறார் என்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தேன். முந்தைய ஆண்டு புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கியவர். அதற்கடுத்த மாதம் லண்டன் உலகப் போட்டியில் 5,000 மீட்டரை 13 நிமிடம் 35.69 விநாடியில் முடித்திருந்தார். ஜகார்த்தாவில் முதல் இரண்டு இடத்தையும் பஹ்ரைன் வீரர்கள் எடுத்துக்கொள்ள, 29:44.91 நேரத்தில் லட்சுமணன் மூன்றாவதாக வந்தார். கொடியைப் போர்த்திக்கொண்டார். வெண்கலம் என்று திரையில் எழுத்து ஓடியது. சற்று நேரத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஓட்டத்தின் நடுவே ஒரு கணம் அவர் கால் உட்கோட்டைத் தாண்டி உள்ளே பட்டிருக்கிறது. இந்தியத் தரப்பு முறையிட்டது, ஏற்கப்படவில்லை. வெண்கலம் சீன வீரருக்குப் போனது.

25 சுற்று. சுமார் முப்பது நிமிடம். அதில் ஒரு காலடி.

லட்சுமணனுக்கு விதி தெரியாமல் இல்லை. ராணுவத்தில் சேர்ந்து சர்வதேச டிராக்குகளில் ஆண்டுக்கணக்கில் ஓடியவர் அவர். என் கதையையும் அவர் கதையையும் ஒரே தராசில் வைக்கிற அசட்டுத்தனம் எனக்கு வேண்டாம். ஆனாலும் அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

விதி அநியாயமானது என்றும் சொல்லமாட்டேன். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 400 மீட்டர் டிராக்கில் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். வளைவின் ஆரம் 36.5 மீட்டர். ஆனால் சுற்றின் நீளத்தை உள்விளிம்பின் மேல் அளப்பதில்லை, அதிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்கிறார்கள், மனிதன் அவ்வளவு தள்ளித்தான் ஓடுவான் என்று. விளிம்பின் மேலேயே ஒருவன் ஓட முடிந்தால் சுற்றுக்கு 1.88 மீட்டர் மிச்சம். 25 சுற்றுக்கு 47 மீட்டர். கோட்டைக் காப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலடிக்குக் கிடைக்கும் லாபத்தைக் கணக்கிட்டால்தான் கைவிரல் அகலம்கூட வரவில்லை.

இதை நான் மட்டும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. 2021 நவம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு விதியைத் தளர்த்தியது. வளைவில் ஒரே ஒரு தடவை உட்கோட்டை மிதித்தாலோ தாண்டினாலோ, அதனால் வேறு ஆதாயம் எதுவும் இல்லாவிட்டால், இப்போது வெளியேற்றுவதில்லை. இரண்டாவது தடவைதான் குற்றம். ஜகார்த்தாவுக்கு மூன்று வருஷம் பிந்தி வந்தது அந்த மன்னிப்பு.

புதுக்கோட்டை நகரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோடு கிழித்துக் கட்டிய ஊர் அது. திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் திருத்தியமைத்த ராஜ வீதிகள் நாலா பக்கமும் நூல் பிடித்தாற்போல ஓடும். ஆனால் அந்த மாவட்டத்து ஓட்டக்காரர்கள் ராஜ வீதிகளில் உருவானவர்கள் இல்லை. கண்மாய்க் கரை, தைலமரக் காட்டு வண்டித்தடம், மழை பெய்தால் ஒரு வாரம் சொதசொதக்கும் மண் மைதானம், இவைதான் அவர்களுக்குக் கிடைத்தவை. லட்சுமணனையும் அதே மாவட்டத்து ஓட்டக்காரி சூர்யாவையும் வளர்த்தெடுத்த பயிற்சியாளர் லோகநாதன் அங்கேதான் ஓடவைத்தார். 2016 குவாஹாட்டி தெற்காசியப் போட்டியில் சூர்யாவும் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கினார். ஒரு வறட்சி மாவட்டத்து நெடுந்தூர ஓட்டக்காரர்கள் இருவர் ஒரே ஆளின் கையில் உருவானார்கள் என்றால், மண்ணின் மகிமை என்று பாடத் தோன்றும். எனக்குத் தோன்றுவது வேறு. அங்கே ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான். ஆள் இல்லாத மாவட்டங்களில் மண் வேறாகவா இருக்கிறது?

அதே மாவட்டத்தில் கதக்குறிச்சி என்றொரு ஊர். சாந்தி சௌந்தர்ராஜன் பிறந்தது அங்கே. அப்பா அம்மா செங்கல் சூளையில் வேலை. அவர்கள் வேலைக்காக வெளியூரில் இருக்கும் நாட்களில் நான்கு தங்கை தம்பிகளைப் பார்த்துக்கொண்டது மூத்தவளான சாந்தி. தாத்தா ஓடியவர். அவர்தான் குடிசைக்கு வெளியே மண்ணில் ஓடக் கற்றுக்கொடுத்தார். பதின்மூன்று வயதில் ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். முதல் பரிசு ஒரு தகரக் கோப்பை. 2005இல் இஞ்சானில் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் மறுபடியும் 800 மீட்டர், மறுபடியும் வெள்ளி. நேரம் 2:03.16. மூன்றாவதாக வந்த கசகஸ்தான் பெண்ணுக்கும் இவருக்கும் இடையில் 0.03 விநாடி.

அடுத்த சில நாட்களில் அவரை அழைத்து உடலைச் சோதித்தார்கள். பெண்கள் பிரிவில் ஓடத் தகுதியில்லை என்றார்கள். பதக்கத்தை வாங்கிக்கொண்டார்கள்.

இங்கே கோடு தரையில் இல்லை. உடம்புக்குள் இருந்தது. அதை அவர் கிழிக்கவில்லை, தாண்டவுமில்லை. பிறந்தபோதே அதன் எந்தப் பக்கத்தில் இருந்தாரோ அந்தப் பக்கத்திலேயே வளர்ந்தார், பெண்ணாக வளர்ந்தார், பெண்ணாக ஓடினார். ஊக்கமருந்து கிடையாது, ஏமாற்று கிடையாது. எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள் என்பதைக்கூட அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் எடுத்துச்சொல்ல ஒரு ஆளை நாம் அனுப்பவில்லை. செய்தியாகத்தான் ஊருக்கு வந்தது. வாசல்வரை தொலைக்காட்சி வண்டி வந்தது. தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் கொடுத்தது, பதக்கம் போன பிறகும் கொடுத்தது. அதை மட்டும் நன்றியோடு சொல்லவேண்டும். அவர் அதில் பெரும்பங்கை ஊர்ப் பிள்ளைகளை ஓடவைப்பதில் செலவழித்தார். 2007இல் உயிரை விட முயன்று பிழைத்தார். 2012இல் பத்திரிகைகள் அவரை மறுபடி கண்டுபிடித்தபோது செங்கல் சூளையில் 200 ரூபாய் தினக்கூலிக்குக் கல் சுமந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு, அப்புறம் அரசுப் பயிற்சியாளர் வேலை.

சாந்திக்குப் பின்னால் அந்தக் கோடு எத்தனை முறை இடம் மாறியது என்று பாருங்கள். ஒடிசாவின் நெசவாளர் வீட்டுப் பெண், ஓட்டக்காரி துத்தி சந்த் என்பவரை 2014இல் இதே காரணம் சொல்லி ஒதுக்கினார்கள். அவர் விளையாட்டுக்கான நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015இல் அந்த விதியையே நிறுத்திவைத்தார்கள். அதுவரை டெஸ்டோஸ்டிரோன் உச்சவரம்பு ஒரு லிட்டர் ரத்தத்தில் 10 நேனோமோல். 2018இல் புது விதி வந்தது, வரம்பு 5, அதுவும் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும். 800 நட்டநடுவில் மாட்டிக்கொண்டது. 2023இல் வரம்பு 2.5, எல்லாப் போட்டிகளுக்கும். 2025 செப்டம்பர் முதல் ஹார்மோன் அளவே இல்லை, மரபணுச் சோதனை. இருபது வருஷத்துக்குள் இத்தனை தடவை அழித்து அழித்துப் போட்ட கோட்டுக்கு நியாயம், அறிவியல் என்று கனமான பெயர்கள். எங்கள் பி.இ.டி. சாரின் டால்டா டின் கோடு எவ்வளவோ தேவலை. அழிந்தால் அழிந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது.

பெண்கள் பிரிவு என்று ஒன்று இருக்கவேண்டும் என்றால் எங்காவது ஒரு எல்லை வேண்டும் என்று வாதிடுகிறவர்களின் சிக்கல் எனக்குப் புரியாமல் இல்லை. அதைத் தீர்க்கும் அறிவு என்னிடம் இல்லை. நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். தென்னாப்பிரிக்காவில் லிம்போபோ மாகாணத்துக் கிராமத்து ஓட்டக்காரி காஸ்டர் செமன்யாவை 2009இல் இதே போலச் சோதித்தார்கள். அவருடைய நாடு உரத்த குரலில் அவர் பக்கம் நின்றது. அவர் ஜெயித்த பதக்கம் அவரிடமே இருந்தது. மறுபடி ஓடினார், ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். சாந்தி பக்கம் யார் நின்றது? அவரைத் தோஹாவுக்கு அழைத்துப்போனவர்கள் ஒரு பேச்சுக்காவது எதிர்த்து வழக்காடியிருக்கலாம். செய்யவில்லை. அது அவமானம்.

இந்த இடத்தில் கோமதி மாரிமுத்துவைப் பற்றிச் சொல்லாமல் நகர்ந்தால் நான் வசதியானதை மட்டும் எழுதுகிறவன் ஆகிவிடுவேன். திருச்சிக்குப் பக்கத்தில் முடிகண்டம். 2019 ஏப்ரல், அதே தோஹா, அதே 800 மீட்டர், ஆசியத் தடகளப் போட்டியில் 2:02.70 நேரத்தில் தங்கம். அவர் காலில் கிடந்த ஷூ இரண்டும் வெவ்வேறு நிறம் என்பதைப் படமெடுத்துப் போட்டோம். மகளுக்குச் சாப்பாடு மிஞ்சவேண்டும் என்று அப்பா மாட்டுத் தீவனத்தைத் தின்ற கதையைப் பேட்டியில் அவர் கண்ணீரோடு சொன்னதைப் பகிர்ந்தோம். நானும் பகிர்ந்தேன். ஒரு மாதத்துக்குள் அவர் மாதிரியில் நாண்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்தின் தடயம் இருப்பதாகச் செய்தி வந்தது. அவர் மறுத்தார். நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. பதக்கம் போயிற்று. தோளில் தூக்கிய நாம் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டு நடந்தோம்.

அங்கே என்ன நடந்தது என்பதைத் தீர்மானித்துச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. தடை தடைதான். ஆனால் அந்தக் கோடு வேலை செய்யும் விதம் ஒரு சிறிய ஊர்ப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறீர்களா? உடம்பில் என்ன இருந்தாலும் அதற்கு ஓடுகிறவர்தான் பொறுப்பு. எப்படி வந்தது, யார் கொடுத்தது, தெரியுமா தெரியாதா என்பதெல்லாம் தண்டனையின் அளவைப் பேசும்போது வரும் கேள்விகள். தடைசெய்த பொருட்களின் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் புதிதாகிறது. வேதியியல் பெயர்களால் ஆன பட்டியல். சளிக்கும் மூட்டுவலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிற ஊரிலிருந்து கிளம்புகிற பிள்ளை, ஒரு சுற்றுக்கு மேல் போனதும் தான் விழுங்குகிற ஒவ்வொன்றையும் அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கவேண்டும். பக்கத்தில் ஒரு டாக்டர் இருந்தால் பார்த்துச் சொல்வார். இல்லையென்றால்?

நம் பத்திரிகைகளுக்கு ஓட்டக்காரர்களின் வறுமை பிடிக்கும். வெறுங்கால், கிழிந்த ஷூ, ஓலைக்குடிசை, பழைய சோறு. இவற்றை எழுதுவது தவறில்லை, உண்மைதான். ஆனால் ஷூ இல்லை என்பது புகைப்படத்தில் விழும். நன்கொடையாளர் ஒருவர் ஷூ வாங்கிக் கொடுத்துவிடுவார், அதுவும் புகைப்படத்தில் விழும். சொல்லித்தர ஆள் இல்லை என்பது எந்தப் படத்திலும் விழாது. முதல் வளைவில் உள்ளே வெட்டக்கூடாது என்று சொல்ல ஒரு ஆள். இந்தச் சீட்டில் கையெழுத்துப் போடும் முன் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல ஒரு ஆள். இந்த மாத்திரையைத் தொடாதே என்று சொல்ல ஒரு ஆள். பெரிய ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் கிளப்பிலும் வீட்டிலும் பேச்சுவாக்கில் வந்து சேர்ந்துவிடுகிறது. நமக்கு ஒவ்வொன்றும் ஒரு தோல்வியின் விலையில் வருகிறது. என் டி.க்யூ.வுக்கு ஒரு மாலை சந்தோஷம்தான் விலை, மலிவு. சாந்தி கொடுத்த விலையை நாம் பார்த்தோம்.

ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணி இருக்கிறார். சிறுவயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தவர். கூலி வேலைக்குப் போய் வளர்த்தது பாட்டி ஆரம்மாள். பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடிய பெண்ணைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பார்த்ததோடு விடவில்லை, பாட்டியைச் சம்மதிக்க வைத்து, கல்லூரியில் சேர்த்து, ஓடவிட்டார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்ட அணியில் ரேவதி இருந்தார். அந்த நால்வரில் மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள்: ரேவதி, திருச்சி சுபா வெங்கடேசன், லால்குடி ஆரோக்கிய ராஜீவ். முதல் சுற்றோடு வெளியே வந்தார்கள், பதக்கம் எதுவும் இல்லை. ஆனால் ரேவதிக்குத் தெற்கு ரயில்வேயில் வேலை இருந்தது. ஓட்டம் தோற்ற பிறகு திரும்பிப் போக ஒரு சம்பளம் இருப்பது பதக்கத்துக்குக் கொஞ்சமும் குறைந்தது இல்லை. செங்கல் சூளைக்கும் டிக்கெட் பரிசோதகர் கோட்டுக்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் ஓட்ட நேரம் இல்லை, சரியான வயதில் கிடைத்த ஒரு பயிற்சியாளர்.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பள்ளியில் விளையாட்டு விழா. பி.இ.டி. சார் ஓய்வுபெற்று வெகுநாளாயிற்று. அவர் இடத்தில் ஒரு இளம் டீச்சர். டால்டா டின் போய், சக்கரம் வைத்த கோடு போடும் வண்டி வந்திருந்தது. வேப்பமரம் அப்படியே நிற்கிறது. டிராக்கும் அதே 200 மீட்டர், அதே நான்கு தடம். 800 மீட்டருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே கோட்டில் நின்றார்கள். க்ளாப் அடித்ததும் பன்னிரண்டு பேரும் உள்ளே பாய்ந்தார்கள். ஒட்டிய கன்னமும் நீளக் காலுமாக ஒரு பெண் முழங்கையால் வழி செய்துகொண்டு இரண்டாம் அடியிலேயே உள்ளே புகுந்துவிட்டாள். அவள்தான் ஜெயித்தாள். புகுந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பரிசு கொடுத்து முடிந்ததும் டீச்சரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு விதி தெரிந்திருந்தது. "தெரியும் சார். ஆனா இங்க போட்டுக் காட்ட எடம் எங்க சார் இருக்கு?" என்றார். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, மண்ணில் குச்சியால் ஒரு பெரிய டிராக்கை வரைந்து, ஏணிப்படியாக எட்டுப் புள்ளி வைத்து விளக்கத் தொடங்கினார். அவள் பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் தட்டை மார்போடு அணைத்தபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது 800 மீட்டர் ஓடுகிற ஒரு பிள்ளையை அறிந்திருந்தால் ஒரு உதவி. பெரிய டிராக்கில் முதல் வளைவு முடியும் இடத்தில் தடங்களுக்குக் குறுக்கே வளைவாக ஒரு கோடு இருக்கும், பெரும்பாலும் பச்சை நிறம், அதன் மேல் சின்னச் சின்னக் கூம்புகள் வைத்திருப்பார்கள். அதைத் தாண்டும்வரை தன் தடத்தை விட்டு நகரக்கூடாது என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். க்யூ என்றால் என்ன, டி.க்யூ. என்றால் என்ன என்பதையும்.